அமுதாவுக்கு நான் கொடுத்த வீடு

அமுதாவை வீட்டைவிட்டு விரட்டிய அன்று குப்பம்மா அக்காவின் இரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குப் போனது.

அமுதா ஒரு தொடர்கதையின் நாயகி. குப்பம்மா அக்கா ஈப்போவில் நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்.

காலை எட்டு மணி இருக்கும். ஏர்கோன் குளிரில் ஆளுக்கொரு போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தோம். நான் வார இதழை ஒரு கையில் பிடித்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். மறு கையில் இரண்டு ஊசிகள். மழை பெய்கிறது. கணவனை இழந்த அமுதாவின் சட்டிபானைகளைக் கொழுந்தன் ஒவ்வொன்றாக வாசலில் வீசுகிறான். அவள் மகளின் தலைமேல் பள்ளிக்கூடப் பையைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"ஏன் நின்னுக்கிட்டே இருக்கா?" என்று எதிர் நாற்காலியிலிருந்து துரைராஜ் அண்ணன் கத்தினார். "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம்லா! வாய் இல்லையா இவளுக்கு?"

அப்போதுதான் குப்பம்மா அக்காவின் இயந்திரம் கூவியது. மிஸ்ஸி நோர்லியா ஓடிவந்தார். தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்போம்.

மிஸ்ஸி எண்ணைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கித் தலையணையில் போய்க்கொண்டிருந்தது.

"சியாப்பா மாத்தி?" என்று மிஸ்ஸி கேட்டார். யார் செத்துப்போனது?

"யாரும் சாகல. கதை. வீட்டவிட்டுத் துரத்திட்டாங்க," என்றேன்.

பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. மிஸ்ஸி சற்று யோசித்து அதில் 'சேரித்தா' என்று எழுதினார். மலாயில் அதற்குக் கதை என்று பொருள். மருத்துவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

டீச்சர் ஆனது

போன வாரம் இந்தப் பகுதியில் என் சிறுநீரகங்கள் நின்றுபோனதைப் பற்றி எழுதியதும், படித்துவிட்டு இரவெல்லாம் அழுததாக இரண்டு வாசகிகள் எழுதியிருந்தார்கள். நன்றி. அந்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

டயாலிசிஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு: வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உடம்பின் இரத்தமெல்லாம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

சுவரில் ஒரு டீவி இருந்தது. அது பழுதாகிப்போன மாதத்தில்தான் நான் வார இதழ் கொண்டுபோக ஆரம்பித்தேன். எனக்கு வாயசைத்துப் படிக்கும் பழக்கம்.

"என்னா டீச்சர், வாய்க்குள்ளயே படிக்கிறீங்க. கொஞ்சம் சத்தமா படிங்கலா, நாங்களும் கேக்குறோம்," என்றார் துரைராஜ் அண்ணன்.

நான் டீச்சர் இல்லை. தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் கிராணியாக இருந்தேன். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைக் கோப்பில் போடுவது என் வேலை. முதல் நாளே இதைச் சொன்னேன். "சரிங்க டீச்சர்," என்றார்கள்.

துரைராஜ் அண்ணன் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் ரோட்டில் காய்கறி லோரி ஓட்டியவர். மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். குப்பம்மா அக்கா செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருபத்தைந்து வருடம் பால் மரம் வெட்டியவர். பள்ளிக்கூடம் போனதே இல்லை. தோட்டத்து நிர்வாகம் அதை விற்று வீடமைப்புப் பகுதியாக்கிய பிறகு மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்.

இருவரும் கதை கேட்ட விதம் வேறு. அமுதா அடிபட்டால் துரைராஜ் அண்ணனுக்கு அமுதாமேல்தான் கோபம் வரும். "ரெண்டு அறை விட்டிருந்தா இந்த நெலம வருமா?" என்பார். சட்ட உதவி அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று அவளுக்கு விலாசம்கூடச் சொல்லியிருக்கிறார்.

குப்பம்மா அக்கா யோசனை எதுவும் சொல்லமாட்டார். கூரையைப் பார்த்தபடி கேட்பார். அழுவார். ஊசி போடும்போது, கால் நரம்பு இழுக்கும்போது, தோழி ஒருத்தி இறந்த சேதி வந்தபோதுகூட அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அமுதாவுக்கு மட்டும்தான்.

ரோசலினுக்கு ஒரு பூசை

இந்த விஷயத்தில் குப்பம்மா அக்காவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் அம்மா இதைவிட மோசம்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்கு வாரம் ஒரே ஒரு வார இதழ் வரும். லயத்தின் முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடு வரை போகும். எங்கள் வீட்டுக்கு வரும்போது அதில் மீன் வாடை அடிக்கும். அப்போது ஓடிய தொடரில் ரோசலின் என்று ஒருத்திக்குக் காசநோய்.

தோட்டத்து மாதா கோயிலில் மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்கச் சாமியார் வருவார். யாருக்காக வேண்ட வேண்டும் என்ற பூசைக் கருத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா என்னிடம், "நோயில இருக்குற ரோசலினுக்காகன்னு எழுது," என்றார். எழுதினேன்.

சாமியார் பீடத்தில் நின்று உரக்க வாசித்தார். ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் ரோசலின் கிடையாது. பூசை முடிந்ததும் சாமியார் கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டு, "அந்த ரோசலின் எந்த லயம்? நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்," என்றார்.

உபதேசியார் அசையாமல், "அவங்க வெளியூர், சாமி," என்றார். அவரும் அந்தத் தொடரைப் படிக்கிறவர்.

இரண்டு வாரம் கழித்து ரோசலின் இறந்துபோனாள். அம்மாவுக்குச் சாமியார்மேல் வருத்தம். அன்று அவர் பூசையை அவசரமாக முடித்துவிட்டார் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

என் திருத்தம்

நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு வருகிறேன். மிஸ்ஸி நோர்லியா என் நாற்காலிக்கு வந்து, "டீச்சர், சேரித்தா சேடி தா போலே. பிரஷர் நாயிக்," என்றார். சோகக் கதை கூடாது, பிரஷர் ஏறுகிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மிஸ்ஸி சொன்னால் சொன்னதுதான்.

வாசிப்பதை நிறுத்தியிருக்கலாம். துரைராஜ் அண்ணன் விடவில்லை. "அப்ப அமுதா மழையிலயே நிக்கிறதா?" என்றார்.

அன்று மாலை லகாட் ஊரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் அமுதாவுக்கு வேறொரு வாரம் எழுதினேன். அந்தத் தாளை வார இதழுக்குள் செருகிக்கொண்டு போனேன்.

என் கதையில் அந்த வழியாக லிம் ஆண்ட்டி என்ற சீனக் கிழவி குடையோடு வந்தார். அவர் வீட்டில் ஓர் அறை சும்மா இருந்தது. முன்பணம் வேண்டாம் என்றார். லிம் ஆண்ட்டிக்கு மூட்டுவலி தவிர நான் எந்தக் குறையும் வைக்கவில்லை.

பிறகு நிறுத்த முடியவில்லை. கையுறை ஃபேக்டரியில் அமுதாவை ஏசிக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தேன். அந்த இடத்தில் அமுதாவையே உட்காரவைத்தேன். கொழுந்தன் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டான். மகள் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாள்.

மூன்று மாதம் இப்படிப் போனது. யாருக்கும் பிரஷர் ஏறவில்லை. "பாகுஸ், டீச்சர்," என்று மிஸ்ஸி கட்டைவிரலைக் காட்டினார்.

நான் வாசிக்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் துரைராஜ் அண்ணன் குறட்டை விட்டார். மூலை நாற்காலியில் இருந்த ஓர் அம்மாள், டீவியை எப்போது சரிசெய்வார்கள் என்று விசாரித்தார். குப்பம்மா அக்கா தூங்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அவர் கூரையைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்த்தார். கண் கலங்கவே இல்லை. குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அச்சில் இருந்த அமுதாவோ மோசத்திலிருந்து மோசத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஃபேக்டரி மாடிப்படிக்குக் கீழே படுத்தாள். மகளைத் தாப்பா பக்கத்தில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் விட்டாள். அந்தப் பக்கங்களை வீட்டில் நின்றுகொண்டேதான் படிப்பேன்.

நோயாளிகளின் நலனுக்காகத்தான் திருத்துகிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். கிராணி வேலையில் முப்பது வருடம் இருந்தவளுக்குக் காரணம் எழுதுவதா கஷ்டம்?

சத்தம் நின்ற கை

ஒரு திங்கட்கிழமை குப்பம்மா அக்கா வரவில்லை. புதன்கிழமையும் நாற்காலி காலி. எங்கள் நிலையத்தில் காலி நாற்காலியைப் பார்த்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டோம். பதில் என்னவாக இருக்கும் என்று தெரியும். ஆனால் மிஸ்ஸியே வந்து சொன்னார். அக்காவின் கை அடைத்துக்கொண்டதாம்.

டயாலிசிஸுக்காக எங்கள் கையில் இரண்டு இரத்தக் குழாய்களை ஒட்டித் தைத்திருப்பார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி அதிரும். தினமும் காலையில் எழுந்ததும் நாங்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். அக்காவின் பூனை நின்றுவிட்டது. கழுத்தில் தற்காலிகமாக ஒரு குழாய் போட்டு, மறு கையில் புதிதாக அறுவை செய்ய வேண்டும். அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஐந்து நாளாக இரத்தம் சுத்தமாகவில்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கினால் அதிகம்.

வியாழக்கிழமை காலை துரைராஜ் அண்ணன் தன் காரை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "ஏறுங்க டீச்சர், செமோருக்குப் போலாம்," என்றார். லோரி வேகத்தில்தான் ஓட்டினார்.

மூன்றாவது மாடி. மகன் முருகன் கதவைத் திறந்தார். முகம் தூங்காத முகம். "வாங்க ஆண்ட்டி. நீங்களாச்சும் சொல்லுங்க. தூக்கிக்கிட்டா போக முடியும்?" என்றார்.

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்; படுத்தால் மூச்சு வாங்குகிறதாம். முகமும் காலும் வீங்கியிருந்தன. பக்கத்து ஸ்டூலில் ஒரு கட்டு வார இதழ்கள். எல்லாம் நான் வாங்குகிற அதே இதழ்.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.

"மருமக படிச்சுக் காட்டுவா, டீச்சரம்மா. நீங்க படிக்கிற புதங்கெழமை வரைக்கும் காத்திருக்க முடியல. அதான் வாங்கியாரச் சொன்னேன்."

"எப்பலேர்ந்து?"

"அந்தக் கெழவி கொடையோட வந்தாளே, அந்த வாரத்துலேர்ந்து."

எனக்குக் காது சூடாகிவிட்டது. துரைராஜ் அண்ணன், "எந்தக் கெழவி?" என்றார். நான் அக்கா பக்கம் குனிந்தேன்.

"அப்பவே தெரியுமாக்கா? ஏன் சொல்லல?"

"டிப்பாசிட் வாங்காம எவ ரூம்பு குடுப்பா? அப்பவே சந்தேகம். வீட்டுக்கு வந்து கேட்டா வேற மாரி இருக்கு." அக்கா மூச்சு வாங்க நிறுத்தினார். "சரி, டீச்சரம்மாவால தாங்க முடியல போலன்னு விட்டுட்டேன். நீங்களும் கஷ்டப்பட்டு எழுதிக்கிட்டு வாரீங்க. பாவமா இருந்திச்சு."

மூன்று மாதமாக நான் அவரைப் பாதுகாத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பாதுகாத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆனா ஒண்ணு சொல்றேன்," என்றார் அக்கா. "அங்க நீங்க அவள நல்லா வச்சிட்டீங்க. எனக்கு அழ ஆளில்லாமப் போச்சு. வீட்டுல இந்திரா படிக்கிறப்ப அழ முடியாது. மகன் பாத்தா, என்னாம்மா எங்க வலிக்குதுன்னு ஓடியாருவான். எனக்காக அழுதா பிள்ளைங்க பயந்துக்கும். அவளுக்காக அழுதா யாரு கேக்கப்போறா? அந்த மிஷின் சத்தத்துல படுத்துக்கிட்டு அழுதா எனக்கு நல்லா இருந்திச்சு. பிரஷர் ஏறுனா ஏறிட்டுப் போவுது."

முருகன் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்த வாரத்தத இன்னும் படிக்கல," என்று அக்கா மேலே இருந்த இதழைத் தள்ளினார். "இந்திரா வேகமா படிப்பா. நீங்க படிங்க. உள்ளத உள்ளபடி படிங்க."

படித்தேன். உட்கார்ந்துகொண்டுதான்.

அந்த வாரம் கதையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அமுதா இல்லத்தில் மகளைப் பார்த்துவிட்டுத் தாப்பா பஸ் ஸ்டேஷனுக்கு வருகிறாள். பஸ் போய்விட்டது. சிமென்டு பெஞ்சில் உட்காருகிறாள். ஆவியில் அவித்த பாவ் ரொட்டி ஒன்று வாங்குகிறாள். பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றி வைக்கிறாள். ராத்திரிக்கு ஆகும் என்று நினைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் காகிதத்தைப் பிரித்து அந்தப் பாதியையும் தின்றுவிடுகிறாள். அத்தியாயம் முடிந்தது.

"அவ்ளோதானா?" என்றார் துரைராஜ் அண்ணன்.

"அவ்ளோதான்."

அக்காவின் கன்னம் நனைந்திருந்தது. "அந்தப் பாதியயும் தின்னுட்டா பாத்தியா," என்றார். "தின்னட்டும். நல்லா தின்னட்டும். ராத்திரிய ராத்திரி பாத்துக்கலாம்."

பிறகு அவர் அழுதார். இந்த முறை காதுப் பக்கமாக இறங்கும் அழுகை இல்லை. தோள் குலுங்கி, வாய் திறந்து, சத்தம் வந்த அழுகை. மருமகள் இந்திரா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றார். முருகன் ஓர் அடி எடுத்து வைத்தார். துரைராஜ் அண்ணன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். அக்கா அமுதாவுக்காக அழுகிறாரா, மூன்று முறை கீறித் தைத்த தன் கைக்காக அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன். எதற்கு என்று என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்திரா, அந்தத் துணிப்பைய எடு. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு கைலி வையி," என்றார்.

"நாலு நாளா நாங்க கெஞ்சினோம். இப்ப மட்டும் எப்படிம்மா?" என்றார் முருகன்.

"துரைராஜ் தம்பி கார் கீழ நிக்கிது. சும்மா எதுக்குத் திரும்பிப் போவணும்?"

நான் கதை வாசித்ததால் ஓர் உயிர் பிழைத்தது என்று இங்கே எழுத ஆசைதான். கார் நின்றதால் என்று அவரே சொல்லிவிட்டார். பதிந்துவைக்கிறேன்.

அக்காவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது துரைராஜ் அண்ணன் நடந்ததையெல்லாம் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம், "மூணு மாசம் என்னை அநியாயமா தூங்க வச்சிட்டீங்களே டீச்சர்," என்றார்.

கடைசி அத்தியாயம்

அக்கா இரண்டு வாரம் கழித்து வந்தார். கழுத்தில் குழாய், அதன் முனையில் சிவப்பு மூடி ஒன்று, நீல மூடி ஒன்று. மறு கையில் புதுத் தையல்.

எல்லோர் முன்னாலும் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். காவடி எடுத்த கொழுந்தன் பொய் என்று கேட்டதும் மூலை நாற்காலி அம்மாள், "அதான பாத்தேன்!" என்றார். லிம் ஆண்ட்டி கிடையாது என்பதில் மட்டும் சிலருக்கு வருத்தம்.

மிஸ்ஸி நோர்லியாவுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். வாசிப்பதற்கு முன்பே அவர் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துவிடுவார். ஏறியிருந்தால் அன்றைக்குக் கதை இல்லை. மற்றபடி, "சேடி சிக்கிட்-சிக்கிட் போலே," என்றார். சோகம் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் பரவாயில்லை.

அதன்பின் நான் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. துரைராஜ் அண்ணன் பழையபடி அமுதாவை ஏசினார். அக்கா பழையபடி கூரையைப் பார்த்து அழுதார். டீவியைச் சரிசெய்து மாட்டினார்கள். யாரும் போடச் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கடைசி அத்தியாயம் வந்தது. முந்தின நாள் வீட்டில் படித்துவிட்டு இரண்டு முறை பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். வேறு வழியில்லை, மறுநாள் அப்படியே வாசித்தேன்.

கொழுந்தன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோகிறான். வீட்டுப் பத்திரம் அமுதாவுக்கே வருகிறது. ஃபேக்டரி மானேஜர், மனைவியை இழந்த நல்ல மனிதர், அவளைக் கைப்பிடிக்கிறார். இல்லத்து வாசலில் மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். வானவில் தோன்றுகிறது. எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"டீச்சர்," என்றார் துரைராஜ் அண்ணன். "மறுபடியுமா?"

"இல்லண்ணே. சத்தியமா அச்சுல இருக்கு."

"குடுங்க இங்க."

மிஸ்ஸி இதழை வாங்கி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணன் அதை ஒரு கையால் உதறினார். உள்ளிருந்து தாள் எதுவும் விழவில்லை. பிறகு பக்கத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டி, வா-ன-வி-ல் என்று படித்தார். முகம் வாடிவிட்டது.

"கவுத்துட்டானே. நூறு வாரமா அவ பட்டதெல்லாம் என்னா ஆச்சு?"

"நான் ஒண்ணும் மாத்தல," என்றேன் மறுபடியும். எனக்கே என் குரலில் நம்பிக்கை வரவில்லை.

குப்பம்மா அக்கா கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"டீச்சரம்மாவ ஏசாத தம்பி. இந்தத் தடவ எழுதுனவருக்கே தாங்க முடியல."

அடுத்த வாரம் அதே பக்கத்தில் புதிய தொடர் ஆரம்பமானது. முதல் அத்தியாயத்தின் இரண்டாவது பத்தியிலேயே ஒருவனுக்கு வேலை போய்விட்டது. துரைராஜ் அண்ணன் தலையணையை நிமிர்த்தி முதுகுக்கு வைத்துக்கொண்டு, "மெதுவா படிங்க டீச்சர்," என்றார்.